காட்டின் பேரேடு யார் கையில்? ரொண்டோனியாவில் தந்திக் கம்பி முதல் ட்ரோன் வரை

பிரேசில் நாட்டின் மேற்கு எல்லையை ஒட்டி ரொண்டோனியா என்றொரு மாநிலம் இருக்கிறது. அமேசான் பெருங்காட்டின் தென்மேற்குப் பகுதி அது. நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காட்டின் நடுவே வெளியார் இழுத்துக்கொண்டு போனது தந்திக் கம்பி. அதன் பின்னால் சாலை வந்தது. அதற்கும் பின்னால் வானத்திலிருந்து செயற்கைக்கோள் பார்க்கத் தொடங்கியது. கடைசியாக, அதே காட்டில் பிறந்த பழங்குடியினர் கைக்கே கைப்பேசியும் ஜி.பி.எஸ். கருவியும் ட்ரோனும் வந்து சேர்ந்தன. எல்லாமே அறிவியல் தந்த கருவிகள்தான். முதலில் வந்தவற்றால் காடு போயிற்று. பின்னால் வந்தவற்றைக் கொண்டு மிச்சக் காட்டைக் காக்கப் பார்க்கிறார்கள். இந்த நூறாண்டு வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்லி, நாம் பிழைக்க வந்திருக்கும் மாநிலங்களின் காடுகளுக்கும் அதில் ஏதாவது பாடம் உண்டா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் அல்லன், வியாபாரி. கணக்கெழுதிப் பழகிய கண்ணால்தான் எதையும் பார்க்க வருகிறது. கடையில் எவ்வளவு சரக்கு இருந்தாலும் சரி, பேரேட்டில் ஏறாத சரக்கை நம்முடையது என்று நிரூபிப்பது பெரும்பாடு. காட்டு மக்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். காடு அவர்களுடையது; பேரேடு மட்டும் எப்போதும் வேறொருவர் கையில் இருந்தது.

கொல்லாமை பேசிய படைவீரர்

ரொண்டோனியா என்ற பெயர் கேன்டிடோ ரொண்டோன் என்ற ராணுவப் பொறியாளரின் பெயரால் வந்தது. அவருடைய தாய்வழியில் பழங்குடி ரத்தம் உண்டு. 1907 முதல் 1915 வரை, மாட்டோ குரோசோவின் குயாபா நகரிலிருந்து மடெய்ரா ஆற்றங்கரை வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டை ஊடறுத்துத் தந்திக் கம்பி போட்ட குழுவுக்கு அவரே தலைவர். மலேரியாவிலும் பசியிலும் அவருடைய ஆட்கள் பலர் மாண்டார்கள்.

அவர் தம் ஆட்களுக்கு இட்ட கட்டளை ஒன்று உண்டு. வேண்டுமானால் செத்துப்போ, ஒருபோதும் கொல்லாதே என்பது அதன் சாரம். 1907இல் நம்பிக்வாரா மக்கள் அம்பு எய்தபோது, அவர் மீதே அம்பு பாய்ந்தும், திருப்பிச் சுட அவர் இடம் கொடுக்கவில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் ராணுவ அதிகாரி இப்படிச் சொன்னார் என்பதைப் படித்தபோது, அகிம்சையை வீட்டுச் சொத்தாகக் கொண்ட குலத்தில் பிறந்த எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. 1910இல் பிரேசில் அரசு பழங்குடியினர் பாதுகாப்புத் துறை ஒன்றைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அவரையே அமர்த்தியது பொருத்தமே.

ஆனால் வரலாறு நல்ல எண்ணத்தை மட்டும் வரவு வைப்பதில்லை. கம்பி போட்டு முடித்த சில ஆண்டுகளிலேயே வானொலித் தந்தி வந்துவிட்டது. அவ்வளவு உயிர்கள் கொடுத்துப் போட்ட கம்பிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1938இல் பிரெஞ்சு மானுடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் அந்தப் பாதை வழியே பயணம் செய்தபோது அது கேட்பாரற்றுக் கிடந்தது. கம்பி வீணாயிற்றே தவிர, அது காட்டிய வழி வீணாகவில்லை. காட்டுக்குள் எந்தத் திக்கில் போனால் எங்கே போய்ச் சேரலாம் என்ற கணக்கு அரசாங்க வரைபடத்தில் ஏறிவிட்டது. கொல்லாத மனிதர் வரைந்த வரைபடம்தான். அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கட்டளை ஞாபகத்தில் இருக்க வேண்டுமே.

சாலையும் மீன் முள்ளும்

தந்திப் பாதையை ஒட்டியே 1960இல் நெடுஞ்சாலை ஒன்று திறக்கப்பட்டது. பி.ஆர். 364 என்று அதற்குப் பெயர். முதலில் மண் சாலை. மழைக்காலத்தில் லாரிகள் சேற்றில் நாள்கணக்கில் நிற்கும். 1970களில் அரசாங்கம் நிலமில்லாத தென்பகுதி விவசாயிகளை அங்கே குடியேறச் சொல்லி அழைத்தது. 1981இல் போலோனொரோயெஸ்தே என்ற பெரிய திட்டம் உலக வங்கிக் கடனில் தொடங்கியது. 1984இல் சாலைக்குத் தார் போட்டு முடித்தார்கள். காடழிவையும் பழங்குடியினர் படும் பாட்டையும் பற்றிக் கூக்குரல் எழுந்ததால் 1985இல் உலக வங்கியே பணத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. அதற்குள் வர வேண்டியவர்கள் வந்தாயிற்று.

1970இல் ரொண்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 11 ஆயிரம். 1980இல் 4 லட்சத்து 91 ஆயிரம். 1991இல் 11 லட்சத்தைத் தாண்டியது. இருபது ஆண்டில் பத்து மடங்கு! வந்தவர்களும் பஞ்சம் பிழைக்க வந்தவர்களே. சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் என்ற முறையில் நாம் அவர்களைக் கொடியவர்கள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு நிலத்தை அளந்து கொடுத்தவர்கள், அது காலி நிலம் என்று வரைபடத்தில் காட்டித்தான் கொடுத்தார்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து செங்குத்தாகக் கிளைச் சாலைகள் போட்டார்கள். ஒவ்வொரு கிளையின் இருபுறமும் மனைமனையாகக் காடு வெட்டப்பட்டது. செயற்கைக்கோள் படத்தில் அது சாப்பிட்டுப் போட்ட மீனின் முள்ளைப் போலவே தெரியும். பூகோளப் பாடப் புத்தகங்களில் காடழிவுக்கு உதாரணமாகப் பல நாடுகளில் காட்டும் படம் ரொண்டோனியாவின் இந்த மீன் முள் படம்தான்.

ஏழு செப்டம்பர் நிலம்

இந்தச் சாலைக்கு அருகில் வாழ்ந்தவர்கள் பைத்தேர் சுருயீ மக்கள். சுருயீ என்பது பிறர் வைத்த பெயர். அவர்கள் தம்மைப் பைத்தேர் என்றே சொல்லிக்கொள்வார்கள். உண்மையான மனிதர், நாமே ஆகியவர் என்று பொருள் சொல்கிறார்கள். ஃபுனாய் எனப்படும் பிரேசிலின் பழங்குடியினர் துறை அவர்களோடு முதன்முதலில் தொடர்பு கொண்ட நாள் 1969 செப்டம்பர் 7. அது பிரேசிலின் சுதந்திர தினம். அதனால் அவர்களுடைய நிலத்துக்கே 'ஏழு செப்டம்பர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்த நாள், இவர்களுக்குச் சுதந்திரம் போன நாளாக ஆனது.

அடுத்து வந்தது நோய். தட்டம்மை, காசநோய், சளிக்காய்ச்சல் என்று ஒன்றன்பின் ஒன்றாக. நமக்குப் பழகிய இந்த நோய்களுக்கு அவர்கள் உடலில் எதிர்ப்பு சக்தியே கிடையாது. சுமார் 5,000 பேராக இருந்தவர்கள் சில ஆண்டுகளில் 300க்கும் கீழே போய்விட்டார்கள் என்பது அவர்களே சொல்லும் கணக்கு. செத்தவர்களைப் புதைக்கவும் ஆளில்லாத ஊர்கள் இருந்தனவாம்.

1976இல் அவர்களுடைய நிலத்துக்கு எல்லை குறிக்கப்பட்டு, 1983இல் அது அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சத்து 48 ஆயிரம் ஹெக்டேர். இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல் ஆறு மடங்குக்குச் சற்றுக் குறைவு என்று வச்சுக்கொள்ளலாம். 1988இல் வந்த பிரேசிலின் புதிய அரசியல் சட்டம், பழங்குடியினருக்குத் தம் பாரம்பரிய நிலத்தின் மீதுள்ள உரிமை அரசு கொடுத்த உரிமையன்று, ஆதியிலிருந்தே உள்ள உரிமை என்று 231ஆம் பிரிவில் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் மரக் கடத்தல்காரர் இரவில் லாரியோடு வந்தால், எந்த இடத்தில் எத்தனை மரம் போயிற்று என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1980களில் அவர்களில் சில தலைவர்களே மர வியாபாரிகளோடு ஒப்பந்தம் போட்டு மரத்தை விற்றார்கள். பழைய வாழ்க்கை போய், புது வாழ்க்கைக்குப் பணம் வேண்டியிருந்த நேரம் அது. பசித்தவனுக்குக் கையிலிருந்த ஒரே சரக்கு மரம்.

கணினித் திரையில் சொந்த ஊர்

அல்மிர் நாராயமோகா சுருயீ 1974இல் பிறந்தவர். வெளியுலகத் தொடர்பு ஏற்பட்டு ஐந்து ஆண்டுகளுக்குப் பின். அவருடைய இனத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் தலைமுறை. உயிரியல் படித்தார். இளம் வயதிலேயே தலைவரானார். மரம் விற்பதை எதிர்த்துப் பேசியதற்காகக் கொலை மிரட்டலும் வாங்கினார்.

இன்டர்நெட் கடை ஒன்றில் அவர் முதன்முதலாகக் கூகுள் எர்த் படத்தைப் பார்த்தார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. எல்லாரையும் போல அவரும் முதலில் தேடியது சொந்த ஊரைத்தான். சுற்றிலும் வெட்டி எரித்த பழுப்பு நிலம். நடுவில் பச்சைத் தீவாக அவர்கள் காடு. ஓர் இனத்தின் நிலைமை முழுவதும் அந்த ஒரே படத்தில் இருந்தது. அரசாங்கமும் கம்பெனிகளும் மட்டுமே மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காட்டை, காட்டின் சொந்தக்காரர் முதன்முறையாக மேலிருந்து பார்த்தார்.

2007இல் அல்மிர் அமெரிக்காவுக்குப் போய்க் கூகுள் நிறுவனத்தாரைச் சந்தித்து, எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டு ரெபெக்கா மூர் என்பவர் தலைமையில் ஒரு குழு, சுருயீ நிலத்துக்கு அருகிலுள்ள ககோவல் நகருக்கு வந்து பயிற்சி கொடுத்தது. முதியவர்கள் வாயால் சொன்னதை இளையவர்கள் வரைபடத்தில் குறித்தார்கள். வேட்டைக்குப் போகும் இடம், மருந்துச் செடி கிடைக்கும் இடம், பழைய ஊர் இருந்த இடம், சண்டை நடந்த இடம் என்று எல்லாம் ஏறின. இந்தப் பண்பாட்டு வரைபடம் 2012இல் ரியோ நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டின்போது வெளியிடப்பட்டது.

வரைபடத்தோடு நிற்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஓ.டி.கே. என்ற எளிய மென்பொருளைக் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார்கள். காட்டில் சுற்றும் இளைஞர் ஒரு மரத்தின் அடிப்பாகத்தை மார்பு உயரத்தில் நாடா வைத்து அளப்பார், அளவையும் மரத்தின் பெயரையும் கைப்பேசியில் கேட்ட கேள்விக்குப் பதிலாகப் போடுவார், இடத்தை ஜி.பி.எஸ். தானே குறித்துக்கொள்ளும். திருட்டு வெட்டு கண்ணில் பட்டால் படம் எடுப்பார். தேதியும் நேரமும் இடமும் படத்தோடேயே பதிந்துவிடும். காட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்குத் திரும்பியபின் அனுப்பினால் போதும்.

வியாபாரிகளுக்கு இது உடனே புரியும். செயற்கைக்கோள் எழுதுவது பேரேடு. தூரத்திலிருந்து, தாமதமாக, மொத்தமாக எழுதுவது; மேகம் மறைத்தால் அன்றைக்கு எழுத்தே கிடையாது. ஆள் நேரில் போய்க் குறிப்பது சிட்டை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், சில்லறை விவரத்தோடு எழுதுவது. சிட்டை இல்லாத பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். அல்மிரும் அவருடைய ஆட்களும் எழுதத் தொடங்கியது காட்டின் சிட்டை.

வெட்டாத மரத்துக்கு விலை

இந்தச் சிட்டையை வைத்து அவர்கள் ஒரு புது வியாபாரமும் தொடங்கினார்கள். மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித் தன் உடம்பில் கரியாகச் சேர்த்து வைக்கிறது. வெட்டி எரித்தால் அது திரும்பக் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது. இத்தனை மரம் வெட்டுப்பட இருந்தது, எங்கள் காவலால் வெட்டுப்படவில்லை என்று கணக்குக் காட்டி, அந்த வித்தியாசத்தை டன் கணக்கில் புகை விடும் கம்பெனிகளுக்கு விற்பது. இதுவே கார்பன் வியாபாரம் எனப்படுவது. சுருயீ திட்டம் 2012இல் சர்வதேசத் தரச்சான்று பெற்றது. பழங்குடியினர் தாமே முன்னின்று நடத்திய இவ்வகைத் திட்டங்களில் இது முன்னோடி. 2013இல் நட்டூரா என்ற பிரேசில் அழகுசாதனக் கம்பெனி 1 லட்சத்து 20 ஆயிரம் டன் கணக்கை வாங்கியது.

இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்கள் என்று சமண நூல்களில் ஒரு பட்டியல் உண்டு. அதன் தொடக்கத்திலேயே வருபவை அங்கார கர்மம், வன கர்மம். அதாவது கரி சுட்டு விற்பதும் காடு வெட்டி விற்பதும். பூமியைத் தோண்டிப் பிழைப்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. காட்டை நிற்கவிட்டே, கரியை மரத்துக்குள்ளேயே விட்டுவிட்டே ஜீவனம் பண்ணலாம் என்று அந்தக் காலத்து ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

ஆனால் இந்த வியாபாரம் நிலைக்கவில்லை. சுருயீ நிலத்தில் வைரமும் தங்கமும் இருப்பது தெரிந்து தோண்டுபவர்கள் புகுந்தார்கள். மரக் கடத்தலும் ஓயவில்லை. பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று ஊருக்குள்ளேயே கட்சி பிரிந்தது. 2018இல் திட்டத்தை நிறுத்தி வைக்க நேர்ந்தது. இதில் ஒரு வியாபாரப் பாடம் உண்டு. நடக்காத ஒன்றை விற்கும் சரக்கு இது. காவல் தளர்ந்த அன்றே சரக்கு காணாமற் போய்விடும். கைப்பேசி திருட்டைக் குறித்துக் கொடுத்தது உண்மை. குறித்துக் கொடுத்ததைப் பார்த்துத் திருடனைப் பிடிக்க வேண்டிய போலீசும் அரசும் வந்தால்தானே கணக்கு நேராகும்?

கணக்கைச் சொன்னவர் வேலை போன கதை

அரசு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பிரேசிலிலேயே சான்று உண்டு. இன்பே என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் அமேசான் காடழிவை அளந்து வருகிறது. 2004இல் டெட்டர் என்ற உடனடி எச்சரிக்கை முறையையும் தொடங்கியது. அரசு அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டுபவர்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. வங்கிக் கடனை இறுக்கியது. புதிய காப்புக் காடுகளையும் அறிவித்தது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிவு 2012இல் 4,571 ஆகக் குறைந்தது.

2019இல் பொல்சொனாரோ அதிபராக வந்தார். இன்பே வெளியிட்ட கணக்கைப் பொய் என்றார். கணக்கு சரிதான் என்று வெளிப்படையாக எதிர்த்துச் சொன்ன அந்நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவோ 2019 ஆகஸ்டில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கணக்குப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் நஷ்டம் லாபமாகிவிடுமா? 2021இல் காடழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. ஆட்சி மாறிய 2023இலிருந்து மீண்டும் இறங்கியது. 2024 ஜூலையோடு முடிந்த ஆண்டில் 6,300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வானத்தில் செயற்கைக்கோள் இந்தக் காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கணக்கைப் படித்தவர் கைதான் மாறிற்று.

ட்ரோன் பறந்த காடு

சுருயீக்களின் அண்டை நாட்டார் போன்றவர்கள் உரு-எவ்-வாவ்-வாவ் மக்கள். 1981இல்தான் வெளியுலகத் தொடர்பு. 1991இல் நிலம் உறுதியாயிற்று. 18 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு. காப்பவர்களோ சில நூறு பேர். நடந்தே காவல் காப்பதென்றால் ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்குப் போவதற்குள் ஒரு தோட்டமே போட்டுவிடலாம்.

2019 டிசம்பரில், கனிந்தே என்ற ரொண்டோனியா அமைப்பும் பிரேசிலின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பும் சேர்ந்து அவர்களுக்கு ட்ரோன் ஓட்டப் பயிற்சி கொடுத்தன. ஆற்றங்கரையில் நின்றபடியே காட்டுக்கு மேல் அனுப்பி, எங்கே புதிதாக வெட்டியிருக்கிறது, எங்கே குடிசை போட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். துப்பாக்கி வைத்திருப்பவன் எதிரே போய் நிற்க வேண்டியதில்லை. இந்தக் கருவியின் பெரிய பயன் இதுதான் என்பது என் எண்ணம். காவலாளியின் உயிருக்கும் திருடனின் துப்பாக்கிக்கும் நடுவே அது கொஞ்சம் தூரத்தை உண்டாக்குகிறது.

அந்தத் தூரமும் எப்போதும் போதவில்லை. காவல் குழுவில் இருந்த ஆரி உரு-எவ்-வாவ்-வாவ் என்ற இளைஞர் 2020 ஏப்ரலில் கொல்லப்பட்டார். அல்மிரின் மகள் சாய் சுருயீ 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடந்த பருவநிலை மாநாட்டின் தொடக்க மேடையில், உலகத் தலைவர்கள் முன்னால் நின்று, தம் பால்ய நண்பரான ஆரியின் பெயரைச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 24.

கொரோனா காலத்தில் வெளியார் யாரும் உள்ளே வரக்கூடாது என்று இம்மக்கள் ஊரை மூடிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த குழுவினர் கேமராக்களை அவர்களிடமே அனுப்பிவைக்க, அவர்களே காவலையும் எடுத்தார்கள், படத்தையும் எடுத்தார்கள். 'தி டெரிட்டரி' என்ற அந்தப் படம் 2022இல் வெளிவந்து பரிசுகள் பெற்றது.

இதெல்லாம் உண்மையிலேயே பயன் தருகிறதா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து நாடான பெருவிலிருந்து ஒரு சான்று. அங்கே லொரேத்தோ பகுதியில் எழுபதுக்கு மேற்பட்ட பழங்குடி ஊர்களை எடுத்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் செயற்கைக்கோள் எச்சரிக்கை, கைப்பேசி, பயிற்சி, காவலுக்குக் கூலி எல்லாம் கொடுத்தார்கள். 2021இல் வெளியான ஆய்வின்படி, இந்த ஊர்களில் முதல் ஆண்டு காடழிவு பாதியளவு குறைந்தது. இரண்டாம் ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவே குறைந்தது. கூலியும் பயிற்சியும் சேர்ந்தே வேலை செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவினால் நடக்கிற காரியம் இல்லை.

நாம் வாழும் நாட்டில்

இங்கேயும் காடு முதலில் போனது காகிதத்தில்தான். 1864இல் வெள்ளையர் அரசு வனத்துறையை ஏற்படுத்தியது. 1865, 1878, 1927 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. வரைபடத்தில் கோடு போட்டு, இது காப்புக் காடு என்று எழுதியவுடன், உள்ளே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். இதைத் திருத்தவே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன் பயிரிட்டு வந்த வன நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை, பழங்குடியினர் உரிமை கோரலாம். ஊர்ப் பொதுக் காட்டுக்குக் கிராம சபையே உரிமை கோரலாம்.

இங்கேதான் ரொண்டோனியா கதை நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. குஜராத்தின் நர்மதை மாவட்டத்தில் ஆர்ச் என்ற தொண்டு அமைப்பின் உதவியோடு ஆதிவாசி இளைஞர்கள் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் நிலத்தின் வரப்பையும் சுற்றி நடந்தார்கள். மரநிழலில் கருவி சில மீட்டர் பிசகும். ஆனாலும் வடிவம் வந்துவிடும். அதைப் பழைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால், அந்த ஆண்டில் அங்கே உழவு இருந்ததா என்பது தெரியும். சோழர் செப்பேடுகளில், தானம் கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் குறித்த செய்தி வரும். அதே காரியம்தான். அன்று நடந்தது அரசனின் யானை. இன்று நடப்பவன் உழுதவன்.

ஆனால் அதே செயற்கைக்கோள் படத்தை அதிகாரிகளும் கையில் எடுத்தார்கள். படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று சொல்லி ஏராளமான மனுக்களைத் தள்ளினார்கள். மலைச்சரிவில் கல்லுக்கு நடுவே கால் ஏக்கரில் விதைத்த சோளம் வானத்திலிருந்து எப்படித் தெரியும்? வழக்கு குஜராத் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2013இல் நீதிமன்றம், தள்ளப்பட்ட மனுக்களை மறுபடி விசாரிக்கச் சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டே, 2012இல் திருத்தப்பட்ட விதிகள், செயற்கைக்கோள் படம் போன்றவை மற்ற சாட்சியங்களுக்குத் துணையாகலாம், அவற்றுக்குப் பதிலாக முடியாது என்று தெளிவாக்கிவிட்டன. ஊர்ப் பெரியவர் வாய்மொழியும் சட்டப்படி சாட்சியம்தான். கருவி ஒன்றே. சொந்தக்காரன் கையில் அது சாட்சி. மற்றவன் கையில் அதுவே வெளியேற்றும் நோட்டீஸ்.

சட்டமும் கணக்கும் ஊரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா-லேகா என்ற கோண்டு ஊர் இருக்கிறது. 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமுதாய உரிமை பெற்றது. நாட்டிலேயே முதன்முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று. 2011 ஏப்ரலில், மூங்கில் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கையிலேயே கொடுக்கப்பட்டது. அதுவரை அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தவர் வனத்துறைக்காரர். சீட்டுப் புத்தகம் கை மாறியதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர், பில் புத்தகம் இல்லாமல் ஒரு நாள் கடை நடத்திப் பார்க்கட்டும்.

இந்த உரிமையும் ஆடிக்கொண்டுதான் நிற்கிறது. 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளப்பட்டவர்களை வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. லட்சக்கணக்கான குடும்பங்கள் கதிகலங்கின. மறுபடி முறையிட்டதன் பேரில் அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. பிரேசிலிலும் அப்படியே. 1988இல் நிலத்தில் இருந்ததை நிரூபிக்காத பழங்குடிக்கு உரிமை இல்லை என்ற வாதத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் தள்ளியது. அதே ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் அதே வாதத்தைச் சட்டமாகவே போட்டுவிட்டது.

முடிவுரை

ரொண்டோனியா வரலாறு சொல்வது இது. கருவிக்கு நல்லது கெட்டது தெரியாது. எழுதியவன் யார், படிப்பவன் யார் என்பதே கேள்வி. ரொண்டோனைப் போன்ற நல்லவரே எழுதினாலும், ஏடு அவரோடு போய்விடுவதில்லை. அடுத்து வருபவன் கையில் சிக்குகிறது. ஆகவே காட்டைப் பற்றிய கணக்கு காட்டில் வாழ்பவன் கையில் இருப்பது பத்திரம். அவனும் தவறலாம், விலை போகலாம். சுருயீ மக்களிலும் சிலர் போனார்கள். ஆனால் கணக்கு ஊர்ச் சபையில் இருந்தால் தவறு ஊருக்கே தெரியும். தலைநகரில் இருந்தால் தெரியாது.

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணினித் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். வரைபடம், மென்பொருள், ட்ரோன் எல்லாம் அவர்களுக்கு விளையாட்டு. நாம் சோறு உண்ணும் இந்த மாநிலங்களின் உள்நாட்டில், வன உரிமை மனுவுக்கு வரைபடம் போட ஆள் கிடைக்காமல் தவிக்கும் கிராம சபைகள் இருக்கின்றன. விடுமுறையில் நாலு நாள் போய், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து வந்தால் அது பெரிய உபகாரம். வரைந்து கொடுத்துவிட்டு வருவதைவிட வரையக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதே மேல். படம் முடிந்ததும் அதன் அசல் பிரதி கிராம சபையின் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.